குளிச்சிட்டுச் சொல்லும்

இடது கன்னம் முடிந்து, வலது கன்னத்தில் ஜாஸ்பின் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டிருந்தபோதுதான் தேவகுமார் வாயைத் திறந்தார்.

“எல்லாத்தையும் வித்துப் போடு மக்கா.”

அவள் கை அந்தரத்தில் நின்றது. கட்டிலுக்கு எதிரே டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் போகிற எண்கள் எல்லாம் சிவப்பு. தை பிறந்ததிலிருந்தே சிவப்புதான். எங்கேயோ இரண்டு நாடுகள் முறைத்துக்கொள்கின்றன, இங்கே குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடைக்காரனுக்குச் சோறு இறங்கவில்லை. இதெல்லாம் அப்பாவுக்குப் புதிதல்ல. முப்பது வருஷமாக ஊராரின் சேமிப்பை ஷேரிலும் மியூச்சுவல் பண்டிலும் போட்டுக் கொடுக்கிற ஆலோசகர் அவர். எத்தனையோ சிவப்பைப் பார்த்தவர். விற்காதே, விற்காதே என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவர். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று, மகளாகவும் அவருடைய அலுவலகத்தில் கூட்டாளியாகவும் இருக்கிற ஜாஸ்பின் கனவிலும் நினைத்ததில்லை.

“எதைப்பா?” என்றாள். எதை என்று தெரியாமல் இல்லை.

“அம்மைக்க பேருல கெடக்கது. ஒக்க, ஒண்ணு விடாம. இன்னைக்கே.”

ஜன்னலோர நாற்காலியில் ஜாஸ்பர் சார் இருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அப்பாவின் பழைய வாடிக்கையாளர். நோயாளியைப் பார்க்க ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தவர், அதில் ஒன்றைத் தானே உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மென்ற வாய் பாதியில் நின்றது. மிச்சத்தை விழுங்கிவிட்டு, தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு வருகிறேன் என்று அவர் சொன்னது வாசலுக்கு வெளியே போனபின்தான் கேட்டது.

ஜாஸ்பின் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் விரும்பியதைக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபிறகு அந்த முகம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு வந்தது. இன்று அதில் அவள் அதுவரை பார்த்தேயிராத ஒன்று இருந்தது. பயம். அதைக் கண்டு அவளுக்கும் பயம் வந்தது. பயந்தபோது பழகிய வார்த்தைதானே வாயில் வரும்?

“குளிச்சிட்டுச் சொல்லுங்கப்பா” என்றாள்.

அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். நுரை மூடியிருந்ததால் உதடு சிரித்ததா, வலியில் இழுத்ததா என்று தெரியவில்லை.

“வெந்நி வேண்டாம்” என்றார். “பச்சத்தண்ணி போதும்.”

வலது கன்னத்தையும் மழித்து ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தண்ணீரோடு திரும்பி வந்தபோது அப்பாவின் கண் திறந்தபடியே இருந்தது. ஆனால் பார்க்கவில்லை. வாளியைக் கட்டிலருகே வைத்தாள். தளும்பிய தண்ணீர் அவள் பாதத்தில் விழுந்தது. நல்ல குளிர்ச்சி. அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றிற்று.

குலசேகரம் சந்தைப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் குளியல் விவகாரத்தைச் சொல்வார்கள். இரண்டாயிரத்தெட்டில் உலகச் சந்தையே கவிழ்ந்து கிடந்த சமயம், ரத்தினம் ஒருநாள் உச்சி வெயிலில் அலுவலகத்துக்குள் புகுந்தார். ரத்தினத்துக்கு ரப்பர் ஷீட் வியாபாரம், அப்போது இளந்தாரி. அவருடைய கடைக்கு மேல்மாடியில்தான் தேவகுமாரின் அலுவலகம். புகைபோட்ட ஷீட்டின் வாடை படியேறி வந்து மேசை, நாற்காலி எல்லாவற்றிலும் குடியிருக்கும். எல்லாம் போச்சு, இப்போதே விற்றுக் கொடு, இல்லையென்றால் இங்கேயே விழுந்து சாவேன் என்று ரத்தினம் மேசையை அடித்தார். தேவகுமார் வாதாடவில்லை. உமக்கு மேலெல்லாம் காந்துகிறது ஓய், வாரும் என்று ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி நேரே திற்பரப்புக்குக் கொண்டுபோய் அருவிக்கு அடியில் நிறுத்தினார். கோதையாறு முழுசும் தலையில் விழுந்தது. வெளியே வந்தபோது ரத்தினத்துக்குப் பல் தந்தியடித்தது, பசி காதை அடைத்தது. புட்டும் பயறும் பப்படமும் தின்று, ஒரு ஏத்தன்பழமும் உள்ளே தள்ளி, கட்டன்சாயா குடித்து முடித்தபிறகு தேவகுமார் கேட்டார்: இனிச் சொல்லும், விக்கணுமா? ரத்தினம் யோசித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருக்கிறது என்றார்.

அன்று முதல் அதுவே அலுவலகச் சட்டமாயிற்று. விற்க வருகிறவர் முதலில் குளிக்க வேண்டும். குளித்துவிட்டு வந்தும் கேட்டால் தேவகுமார் மறுபேச்சில்லாமல் விற்றுக் கொடுப்பார். பயத்துக்கு உடம்புச் சூடு வேண்டும், தலை குளிர்ந்தால் அது தானாக இறங்கிவிடும். இறங்காமல் நிற்கிறதென்றால் அது பயமில்லை, தேவை என்பது அவர் கட்சி. திருவட்டாற்றுக்காரர் ஒருவர் குளித்துவிட்டு வந்தும் விற்கத்தான் வேண்டும் என்று நின்றார். விற்றுக் கொடுத்தார். அதன்பிறகு சந்தை பாதாளத்துக்குப் போயிற்று. அந்த மனுசன் என்னைவிடப் புத்திசாலி என்று தேவகுமார் இந்தக் கதையைத் தன் வாயாலேயே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஊர் அவரை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சந்தையைப் பற்றி அவர் புத்தகத்தில் இருப்பதுபோல் பேசியதே கிடையாது. சாளை மீன் விலை இறங்கினால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், பண்டு விலை இறங்கினால் தலையில் அடித்துக்கொண்டு ஓடுகிறான், இவனுக்கு நான் என்ன ஆலோசனை சொல்ல என்பார். ரப்பர் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நின்றால் ஒருவனும் கோடாலியைத் தேடுவதில்லையே, பால்வெட்டை நிறுத்திவிட்டுச் சும்மாதானே இருக்கிறான் என்பார். வீட்டிலும் அதே சட்டம்தான். குழம்பில் உப்பு கூடிவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றாதே, ஆறட்டும், ஆறினபிறகு பார் என்று நேசபாயிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார். நேசபாய் ஜாஸ்பினின் அம்மா. ஊருக்கு உபதேசம் சொல்கிறவருக்கு வீட்டில் கிடைக்கிற மரியாதையை அவள் குறைவில்லாமல் கொடுத்து வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் காலண்டர் கொடுப்பார்கள். அவர் குளித்துத் துவட்டத் தோர்த்து கொடுப்பார். அதன் ஓரத்தில் அலுவலகப் பெயர் நீல எழுத்தில் இருக்கும். கொரோனா வந்து அருவியை மூடி, சந்தையும் தலைகுப்புற விழுந்தபோது, போனில் அழுதவர்களை அவரவர் வீட்டுக் கிணற்றடியிலேயே குளிக்கச் சொன்னார். போனைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு ஊற்ற வேண்டும், அவருக்குச் சத்தம் கேட்க வேண்டும். “வாளிச் சத்தம் வரல்லியே ஓய், சொம்புல கோரி ஊத்தி ஏமாத்துதீரா?” என்று அவர் ஒருவரை அதட்டியதை ஜாஸ்பினே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

அவள் இந்தத் தொழிலுக்குள் வந்ததும் இப்படித்தான். பி.காம் முடித்து வங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் விற்க வந்தால் அருவிக்குத் துணையாகப் போக ஆள் வேண்டுமே. அம்மா ஒருதடவை போய்ச் சளி பிடித்துக்கொண்டு, இனி நமக்கு ஆகாது என்று கையை விரித்துவிட்டாள். ஆகவே ஜாஸ்பின் போனாள். சவுதியில் நர்ஸாக இருந்து திரும்பியவர்கள், பென்ஷன் வாங்கும் டீச்சர்கள், கணவன் போனபிறகு தோட்டத்தை விற்றுவிட்டு நின்றவர்கள் என்று எத்தனையோ பேரின் கையைப் பிடித்துக்கொண்டு வழுக்குப் பாறையில் நின்றிருக்கிறாள். தண்ணீர் இரைச்சலில் அவர்கள் அழுதால் வெளியே கேட்காது. அழுது முடித்து, முடியைப் பிழிந்துகொண்டே பயத்தைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சந்தையைப் பற்றியதாக இருக்காது. வீட்டுக்கு வந்த மருமகளைப் பற்றியோ, மார்பில் தட்டுப்படுகிற கட்டியைப் பற்றியோ இருக்கும். பரீட்சை எழுதி உரிமம் வாங்கியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாவைச் சொல்லி ஆலய மணி அடித்து ஓய்வதற்குள் வீட்டில் ஆள் நிறைந்துவிட்டது. பால்வெட்டு இல்லாத காலம், எல்லோருக்கும் நேரம் இருந்தது. சபைப் போதகர் வந்து ஜெபித்தார். அடக்கம் மறுநாள் காலையில் என்று முடிவாயிற்று. பந்தல்காரர் நாற்காலிகளை இறக்கினார். துஷ்டி கேட்க வந்தவர்கள் கட்டன்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல சாவு, கிடந்து நலுங்காமல் போனார் என்றார்கள். சொல்லிவிட்டு ஜாஸ்பினையே பார்த்தார்கள். அவள் பக்கத்தில் வந்தால் பேச்சு நின்றது. பந்தலின் கடைசி வரிசையில் ஜாஸ்பர் சார், தோளில் நீல எழுத்துத் தோர்த்தோடு, அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றித்தான் நாற்காலிகள் நெருக்கமாகக் கிடந்தன.

விஷயம் அவளுக்கு எட்ட நேரம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஸ்மைலின் வந்து காதோடு சொன்னாள். தேவகுமாரே கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் விற்கச் சொல்லிவிட்டாராம், அப்படியானால் நாம் எதற்காகப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று பேச்சு ஓடுகிறதாம். இன்றைக்கே கேட்பதா, அடக்கம் முடிந்து கேட்பதா என்பதுதான் பாக்கியாம். துஷ்டி வீட்டில் வைத்துக் கேட்க ஒருவருக்கும் நாக்கு புரளவில்லை, அவ்வளவுதான்.

ஜாஸ்பின் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அம்மாவின் கணக்கை விற்றால் ஊர்க்கணக்கை விற்ற மாதிரி. ஒருவர் விடாமல் வருவார்கள். இந்த விலையில் விற்றுவிட்டுப் போனால் அவர்களில் பாதிப்பேர் மறுபடி தலையெடுக்க மாட்டார்கள். அவளிடம் இருந்தது அப்பாவின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரே விற்கச் சொன்னபிறகு அவள் பேச்சை யார் கேட்பார்கள்? சரி, விற்காமல் இருந்து, சந்தை இன்னும் விழுந்தால்? அம்மாவின் வயசான காலம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தகப்பன் சொல்லியும் கேட்காத மகள் என்ற பேச்சு சாகிறவரைக்கும் அவளை விடாது.

ஆன்றோ திருவனந்தபுரத்திலிருந்து வந்து இறங்கினான். அவளுக்கு அண்ணன், அங்கே ஒரு கம்பெனியில் வேலை. வந்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் கிடந்தான். எழுந்து முகம் கழுவியபிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றித்தான். வருகிற வழியிலேயே இரண்டுபேர் போனில் சொல்லியிருந்தார்கள். அவன் பணத்தாசை பிடித்தவன் இல்லை. அப்பா படிக்கச் சொன்னதை அவன் படிக்கவில்லை, கட்டச் சொன்ன பெண்ணைக் கட்டவில்லை, தொழிலுக்கு வரச் சொன்னபோது வரவில்லை. கடைசியாகச் சொன்ன ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று தவித்தான். அது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு மூவரும் இருந்தார்கள். போன் அம்மாவின் மடியில் இருந்தது. கணக்கு அவள் பெயரில் இருப்பதால் ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வரும். எல்லாவற்றையும் மனைவி பேரில் போட்டது தேவகுமாரின் இன்னொரு தந்திரம். தன் பேரில் இருந்தால் கை பரபரக்கும், அவள் பேரில் இருந்தால் கேட்கப் பயந்துகொண்டாவது சும்மா இருப்பேன் என்பார்.

“அவிய அப்பிடிச் சொன்னது நெசமாட்டி?” என்று அம்மா கேட்டாள்.

இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஜாஸ்பர் சாருக்குக் காது மந்தம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அப்பாவிடம் தொழில் படித்தவளுக்கு அது வாயில் வரவில்லை.

“சொன்னாவம்மா. எல்லாத்தையும் வித்துப் போடுண்ணு சொன்னாவ.”

“பொறவென்ன?” என்றான் ஆன்றோ. “செத்த மனுசனுக்க வாக்கத் தட்டப்பிடாது. மார்க்கெட்டு அடைக்கதுக்கு முன்ன வித்திரு.”

“நான் குளிச்சிட்டுச் சொல்லுங்கண்ணு சொன்னேன் அண்ணா. வெந்நி வேண்டாம், பச்சத்தண்ணி போதும்ணு சொன்னாவ. நான் தண்ணி கொண்டு வாறதுக்குள்ள போயிட்டாவ.”

ஆன்றோ அவளை இரக்கத்தோடு பார்த்தான். மேல் காய்ந்து கிடக்கிற மனுசன் பச்சைத்தண்ணீர் கேட்பான், அதில் சட்டமும் இல்லை ஒன்றும் இல்லை என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தணிந்துதான் சொன்னான், அதனால் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் வாளியோடு திரும்பி வந்த நேரத்திலிருந்து அவளுக்கும் அதே சந்தேகம்தான். சாவைக் கண்டு பயந்தவர், எதிரே டிவியில் தெரிந்த சந்தையைச் சொல்லிப் பயந்தாரா? இல்லை, எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டு அம்மாவுக்காகச் சொன்னாரா? எத்தனையோ பெண்களிடம் அவள் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். சொந்த அப்பாவிடம் முடியவில்லை.

அம்மா போனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே யாரோ கதவைத் தட்டி, குளிப்பாட்ட வேண்டுமே, வெந்நீர் வைக்கட்டுமா என்று கேட்டார்கள்.

ஜாஸ்பின் எழுந்தாள். என்ன செய்ய வேண்டும் என்பது அப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. “வெந்நி வேண்டாம்” என்று கதவைத் திறந்தபடியே சொன்னாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் பொறு அம்மா, அப்பா எல்லாருக்கும் செய்தது போலவே அப்பாவுக்கும் செய்வோம், அதன்பிறகு உன் இஷ்டம் என்றாள்.

பந்தல் காலில் சாய்ந்து ரத்தினம் நின்றிருந்தார். நரைத்து, தொந்தி விழுந்து, பெரிய வியாபாரியாகிவிட்ட ரத்தினம். நேரே அவரிடம் போனாள்.

“ரத்தினண்ணா, அருவியில ரெண்டு கேன் தண்ணி பிடிச்சிட்டு வரணும்.”

அவர் எதற்கென்று கேட்கவில்லை. அவளையும், அவளுக்குப் பின்னாலிருந்த கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அருவிக்கரையில் மகாதேவர் கோயில் இருக்கிறது, அங்கிருந்து தண்ணீர் கொண்டுவந்து குளிப்பாட்டுவது நம் சபையில் வழக்கமில்லையே என்று முணுமுணுத்தார். “சபை வழக்கம் இல்ல மாமா” என்றாள் ஜாஸ்பின். “இது அப்பாக்க ஆபீஸ் வழக்கம்.” பெரியவரும் ஒரு சந்தை வீழ்ச்சியில் அங்கே போய் நனைந்துவிட்டு வந்தவர்தான். காப்பியைக் குடித்து முடித்தார்.

தண்ணீர் வரும்வரை அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பந்தலில் போன்கள் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்து பார்க்கப்பட்டு மறுபடி உள்ளே போயின. பார்த்தவர்களின் முகத்திலிருந்தே சந்தை இன்னும் இறங்கியிருப்பது தெரிந்தது. சவுதியிலிருந்து திரும்பிய நர்ஸ் அஜிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்கப்பிடாதுதான், ஆனாலும் மகள் கல்யாணம் சித்திரையில் வருகிறதே என்றாள். ஜாஸ்பின் எரிச்சல்படவில்லை. அருவிப்பாறையில் நின்று சொல்வதுபோலவே சொன்னாள். கல்யாணத்துக்கு வேண்டியதை ஓணத்துக்கு முன்பே எடுத்து வங்கியில் போட்டாயிற்றே, மறந்துவிட்டீர்களா? பண்டில் கிடப்பது உங்கள் முதுமைக்கு. உங்களுக்கு இன்னும் முடி நரைக்கவில்லை. அஜிதா ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆமாம், அப்பாவும் நீயும் சேர்ந்துதான் எடுக்கச் சொன்னீர்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா சொன்னது பாதி, தான் சொன்னது பாதி என்பது ஜாஸ்பினுக்கே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ரத்தினம் திரும்பி வந்தார். கேன்களை இறக்கும்போது அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “போன எடத்துல நானும் கொஞ்சநேரம் நின்னேன்” என்று மட்டும் சொன்னார்.

கிணற்றடியில் பலாமரத்துக்கும் சுவருக்கும் நடுவே போர்வைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். பெஞ்சில் அப்பாவைக் கிடத்தி இடுப்பில் வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். ஆணைக் குளிப்பாட்டுவது ஆண்களின் வேலை. உள்ளே வந்த ஜாஸ்பினைச் சித்தப்பா ஒருவர் கையைக் காட்டித் தடுத்தார். தலைக்கு மட்டும் நான் ஊற்றுகிறேன் என்று அவள் சொன்னாள். ஆன்றோதான் விலகி வழிவிட்டான்.

அவள் கேனை இரண்டு கையாலும் சாய்த்தாள். தண்ணீர் நெற்றியில் விழுந்து, காலையில் அவள் மழித்துவிட்ட கன்னங்களில் பிரிந்து, காதோரமாக வழிந்து பலாமரத்து வேரைப் பார்த்து ஓடிற்று. ஆன்றோ மற்றக் கேனிலிருந்து மார்பிலும் கையிலும் ஊற்றினான். சோப்புப் போட்டு மறுபடி ஊற்றினார்கள். நீல எழுத்துத் தோர்த்தால் அவள் அப்பாவின் தலையைத் துவட்டினாள். அவளுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. இனி படியேறிப் போனால் வா மக்கா என்று சொல்ல மாடியில் ஆள் இல்லை. உலகத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான், இந்த மனிதர் போய்விட்டார். துவட்டிக்கொண்டே அழுதாள். பிறகு தோர்த்தின் காய்ந்த ஓரத்தால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“அப்பா, குளிச்சாச்சு” என்றாள், அலுவலகத்தில் பேசுகிற சாதாரணக் குரலில். “இனி சொல்லுங்க. விக்கணுமா?”

போர்வைக்கு வெளியே பேச்சு அடங்கிற்று. பெஞ்சின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மொட்டையாக நின்ற ரப்பர் தோட்டத்தின் வழியே வெயில் தடையில்லாமல் வந்து அப்பாவின் மேல் விழுந்தது. வாடிக்கையாளருக்கு அப்பா எவ்வளவு நேரம் கொடுப்பாரோ அவ்வளவு நேரம் அவளும் கொடுத்தாள், அவசரப்படுத்தவில்லை. ஆன்றோ காலிக் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அவிய ஒண்ணும் சொல்லல்ல. நான் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கேன்.”

போர்வையை விலக்கி ஒரு கை போனை நீட்டிற்று. ஜாஸ்பின் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அதை அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஆன்றோ பார்த்துக்கொண்டுதான் நின்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து, கையை நுழைப்பதற்கு வாகாக விரித்துப் பிடித்தான்.

உடுத்தி முடித்து ஆண்கள் அப்பாவை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டுச் சத்தம் தொடங்கிற்று. ஜாஸ்பின் கிணற்றடியில் சோப்பையும் தோர்த்தையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஊற்றிய கேனின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது.

போர்வைக்குப் பக்கத்தில் ஜாஸ்பர் சார் வந்து நின்றார். சட்டைப் பையில் பழத்தோலின் கறை படர்ந்திருந்தது.

“மிச்சம் கெடக்கா மக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கிணற்றுச் சுவரில் வைத்தார். தோளில் கிடந்த தோர்த்தை எடுத்து அதன்மேல் வைத்தார். தலையைக் குனிந்தார். அவள் ஊற்றினாள். தண்ணீர் போதவில்லை, கழுத்து நனைவதற்குள் கேன் தீர்ந்துவிட்டது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டுபேர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அப்பாவின் கட்டிலருகே வைத்த வாளியை யாரோ கிணற்றடியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஜாஸ்பின் அதில் கயிற்றை மாட்டி இறக்கினாள்.